நீ எடுத்த பொட்டலம்

கண்ணு,

நீ அனுப்பிய கவர் வந்து பதினோரு நாளாகிறது. இரண்டு முறை போனில் கேட்டாய், "அப்பா, படிச்சீங்களா, கையெழுத்துப் போட்டீங்களா" என்று. மிளகு பறிப்பு நடக்கிறது, கை ஒழியவில்லை என்று சொன்னேன். பறிப்பு நடக்கிறது என்னவோ உண்மைதான். ஆனால் ஒரு கையெழுத்துப் போட விடாமல் மிளகு இதுவரை யாரையும் பிடித்து வைத்ததில்லை. செம்மேட்டில் சந்தை நாளானால் தாலுகா ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். பட்டா மாறுதல், ரோடு, முதியோர் பென்ஷன் என்று எத்தனையோ பேருடைய கஷ்டத்தை ஒரே பக்கத்தில் அடக்கியிருக்கிறேன். எனக்கென்று ஒரு தாளை எடுத்து வைத்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. நாலு தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. இது ஐந்தாவது.

உன் படிப்பைப் பற்றி நான் ஊரில் பீற்றிக்கொள்வது உனக்குத் தெரியும். மனநல ஆலோசனையில் எம்.எஸ்ஸி., கடைசி வருஷம், இப்போது ஆய்வேடு ஆரம்பிக்கிறான் என்று டீக்கடையில் கேட்காதவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மலையில் ஒருவருக்கு மனசு சரியில்லாமல் போனால், அவரை டாக்டரிடம் கூட்டிப்போவதா வேண்டாமா என்று வீட்டில் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் ஆய்வு என்று நீ சொன்னபோது நான் பேச்சை மிளகு விலைக்குத் திருப்பிவிட்டேன். நம் வீட்டை விட்டுவிட்டு வேறு வீடுகளுக்குப் போய்க் கேட்பாய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆய்வைத் தொடங்கும் முன், இதை நீ ஏன் எடுத்துக்கொண்டாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாமே உன் கைடு அம்மா, அந்தப் பக்கத்தின் நகலை, ஆய்வில் பங்கேற்க என் சம்மதம் கேட்கும் படிவத்தோடு வைத்திருந்தாய். களத்தில் தார்ப்பாய் மேல் மிளகைப் பரப்பிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேன். "எனக்கு ஆறு வயதாக இருந்தபோது நான் சிவப்புப் பூவை எடுத்தேன். அதனால் என் அம்மாவுக்கு ஏழு வருடம் வைத்தியம் கிடைக்கவில்லை." இதற்கு மேல் படிக்க முடியாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த முதல் வரி தப்பு. அதைத் திருத்தக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். பதினேழு வருஷமாகத் திருத்தாமல் இருந்தவனும் அவன்தான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு ஞாபகம் இருப்பது நோயில் விழுந்த அம்மா. அதற்கு முன்னால் இருந்தவளை நீ சரியாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் என்னைவிட வேகமாக ஏறுவாள். மேலே நின்றுகொண்டு, "ஏனுங்க, கீழ நின்னு ஏணியப் புடிக்கிற வேலையாச்சும் ஒழுங்காச் செய்வீங்களா?" என்று கேட்பாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு ரோஷம் வரும், ஆனால் ஏணியை விடமாட்டேன். உன் தங்கை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அதற்குப் பிறகு உன் அம்மாவின் பேச்சு ஒவ்வொருவரிடமாக நின்றது. முதலில் என்னிடம், பிறகு அக்கம்பக்கத்தில், கடைசியில் உன்னிடமும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உலை வைக்க மறந்து உட்கார்ந்திருப்பாள். தலை சீவவில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து எதிரில் நின்றால் உன்னைத் தாண்டி வேறெதையோ பார்ப்பாள். நீ இரண்டு பக்கமும் நகர்ந்து நகர்ந்து அவள் பார்வைக்குள் வர முயற்சி செய்ததை நான் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டேன்.

தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா ஒருவர்தான் முதலில் வாய் திறந்து சொன்னார். "பேயுமில்ல, செய்வினையுமில்லீங்க. புள்ள பொறந்த பொறவு சில பேருக்கு வர்ற நோவு. புள்ளயும் தவறிப்போச்சு. நாமக்கல்லுல மனசுக்குப் பாக்கற டாக்டரு இருக்காரு, கூட்டிட்டுப் போங்க. மாத்திர சாப்பிட்டாச் சரியாயிரும்." நான் தலையை ஆட்டினேன். அந்த அம்மாளை நம்பவும் செய்தேன். இதை நீ நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்குத் தெரியும். ஆனால் அப்போது உன் அத்தைக்கு அடிவாரத்து ஊர் ஒன்றில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். இவளை பஸ்ஸில் ஏற்றினால், எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் மலை முழுக்க விஷயம் தெரிந்துவிடும். அண்ணி பைத்தியம் என்றால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுப்பார்களா? ஒரே தங்கை. அப்பா இல்லாத வீட்டில் அவளை நான்தான் கரையேற்ற வேண்டும். இப்படியெல்லாம் எனக்கு நானே மனு எழுதிக்கொண்டு, அதற்கு நானே கையெழுத்தும் போட்டுக்கொண்டேன்.

உன் மாமன் மலையின் இன்னொரு பகுதியான தேவனூர் நாட்டிலிருந்து வந்தார். தங்கையைப் பார்த்ததும் வாசலிலேயே அழுதுவிட்டார். "எந்தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேன் மாப்ள. வைத்தியம் பார்த்துக் கொண்டாந்து உடறேன்" என்றார். "கட்டிக் குடுத்த பொண்ண, நான் உசுரோட இருக்கறப்ப, நீங்க எப்படிங்க மச்சான் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கத்தினேன். பேச்சு வளர்ந்தது. பங்காளிகள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கமாகச் சொல்வதைத்தான் அவர்களும் சொன்னார்கள், பூ கேட்டுப் பார்த்துவிடலாம் என்று. மாமன் உடனே ஒத்துக்கொண்டார். அவருக்குச் சாமி மேல் அத்தனை நம்பிக்கை. நானும் ஒத்துக்கொண்டேன். அந்த மாதம் கோயில் பூசை முறை நம் வீட்டுடையது என்பது அப்போதே என் மனசில் ஓடியது.

உனக்குத் தெரியாததல்ல. ஆனால் உன் கைடு அம்மா சென்னைக்காரர் என்றாய், அவரும் இதைப் படிக்க நேரலாம் என்பதால் எழுதுகிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் வாழை இலைத் துண்டில் தனித்தனியாகப் பொதிந்து, வாழை நாரால் வெளியே வித்தியாசம் தெரியாதபடி கட்டி, சாமி காலடியில் வைப்போம். கள்ளங்கபடம் தெரியாத ஒரு குழந்தையைக் குளிக்க வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் நினைத்ததைச் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுத்ததை மட்டும்தான் பிரிப்போம். மற்றதைப் பிரிப்பது சாமியையே சந்தேகப்படுவது மாதிரி என்று அதை அப்படியே ஓடையில் விட்டுவிடுவது எங்கள் கோயிலில் வழக்கம். பொட்டலம் கட்டுவது பூசை முறைக்காரன். அன்றைக்கு நான்.

கோயிலுக்குப் பின்னால் அரளிச் செடி இருந்தது, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் செவ்வரளி. நான் செவ்வரளிப் பக்கம் போனேன். ஒரு பூ பறித்தேன். வெள்ளைப் பக்கம் போக வேண்டிய கால் அங்கேயே நின்றது. இன்னொரு சிவப்பையும் பறித்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நடுங்கவில்லை. மிளகுக் கொடியைக் கட்டுவது போல நிதானமாக, முடிச்சு ஒரே மாதிரி விழும்படி கட்டினேன்.

இரண்டிலும் சிவப்புதான் கண்ணு.

நீ ஓடையில் குளித்துவிட்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, இடுப்பில் துண்டோடு வந்தாய். யாரோ, "அம்மாவ நெனச்சுக்கிட்டு எடு சாமி" என்றார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாய். முதலில் வலப்பக்கப் பொட்டலத்தின் மேல் கை வைத்தாய். எடுக்கவில்லை. யோசித்து, மாற்றி, இடப்பக்கத்தை எடுத்தாய். மாமன் பிரித்தார். சிவப்பைக் கண்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. மற்றதை எடுக்க அவர் கை லேசாக நீண்டது. "ஏங்க மச்சான், சாமி மேலயே சந்தேகமா?" என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் மற்றப் பொட்டலத்தை எடுத்துப் போய் ஓடையில் விட்டேன். திரும்பி வரும்போது நீ என் வேட்டியைப் பிடித்துக் கேட்டாய்: "அப்பா, மொதல்ல தொட்டத எடுத்திருக்கோணுமா?"

இத்தனை வருஷத்தில் நான் தூங்காமல் கிடந்தது அந்தப் பூவுக்காக அல்ல, அந்தக் கேள்விக்காக. அன்றைக்கு உனக்கு நான் சொன்ன பதில், "சாமி எடுக்க வெச்சுது, நீ என்ன பண்ணுவ" என்பது. சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளையின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று இப்போதுதான் உன் தாளைப் படித்துப் புரிந்துகொண்டேன். கையை மாற்றியதால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று நினைத்திருக்கிறாய். அதற்குப் பிறகு நீ எதையும் எடுக்க மாட்டாய். சந்தையில் இரண்டு சட்டையைக் காட்டினால், "நீங்களே எடுங்கப்பா" என்பாய். கடைக்காரர் மிட்டாய் ஜாடியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாய். பத்தாவதுக்குப் பிறகு எந்தப் பிரிவு என்று கேட்டபோதும், "நீங்க சொல்றதுதான்". "எம்பையனுக்கு ஒண்ணையும் எடுக்கத் தெரியாது" என்று நான் நாலு பேர் முன்னால் கேலி செய்து சிரித்திருக்கிறேன். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். சிரித்தவனும் நான்.

அத்தை கல்யாணம் அந்த வருஷமே நடந்துவிட்டது. பிறகாவது உன் அம்மாவைக் கூட்டிப் போயிருக்கலாமே என்று கேட்பாய். கேட்க வேண்டும். சாமி கூடாது என்று சொன்ன பிறகு கூட்டிப் போவதென்றால், மறுபடி பூ கேட்க வேண்டும். மறுபடி கேட்டால் இந்த முறை நியாயமாகக் கட்ட வேண்டும். நியாயமாகக் கட்டியும் சிவப்பு வந்துவிட்டால்? நான் செய்ததற்குச் சாமி கோபமாக இருக்கிறது, அதனால்தான் அவளுக்குத் தேறவில்லை என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நானே கட்டிய பொய்க்கு முன்னால் நானே கை கட்டி நின்றேன். ஒரு வருஷம் இரண்டானது, இரண்டு ஏழானது. அந்த ஏழு வருஷமும் உனக்குத் தலை துவட்டிவிட்டது நான், சோறு போட்டது நான். நல்ல அப்பன் என்று ஊரில் பெயரும் வாங்கினேன்.

உனக்குப் பதின்மூன்று வயதில் உன் மாமன் ஒரு நாள் ஜீப்போடு வந்தார். யாரையும் கேட்கவில்லை. "சாமி கோவிச்சுக்கிட்டா என்னையக் கோவிச்சுக்கட்டும் மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கையைக் கூட்டிப் போனார். சாமியை நம்பிய அந்த மனுஷன் அதை மீறித் துணிந்தார். நம்பாமல் விளையாடியவன் நான் வாசலில் நின்றேன். நாலு மாதம் அவர் வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தார். அவள் திரும்பி வந்த அன்று உன்னைப் பார்த்து, "இத்தன ஒசரம் எப்படா ஆன?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் கொட்டகைக்குப் போய் அழுதேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் லீவில் வந்திருந்தபோது நீ உன் வகுப்பைப் பற்றிச் சொன்னாய். ஒருவரிடம் பேசும்போது கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்கக் கூடாது, அப்படிக் கேட்டால் அவர் மனசு வெளியே வராது, நம் மனசுதான் அவர் வாயிலிருந்து திரும்பி வரும் என்றாய். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே ஏதோ சாதாரணமாகச் சொன்னாய். பக்கத்தில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கத்தி கை தவறிவிட்டது. பெருவிரலில் கட்டுப் போட்டுவிட்டாயே, அது கிழங்கு வழுக்கியதால் அல்ல.

மூன்று நாளைக்கு முன்னால் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். களத்தில் மிளகைத் துழாவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும், "ரெண்டுலயுமா?" என்றாள். ஆமாம் என்றேன். மிளகை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கையைத் தட்டினாள். பிறகு, "அவங்கிட்டச் சொல்லீட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எங்கிட்ட எதுக்குங்க மொதல்ல சொன்னீங்க? பூவ எடுத்தது நானா? கண்ண மூடி எடுத்தது அவன்தானுங்க. மொதல்ல அவனுக்குச் சொல்லுங்க. எனக்கும் உங்களுக்கும் உள்ளத அப்பறம் வெச்சுக்கலாம்." அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பயப்படாதே, இது அந்தப் பழைய பேசாமை இல்லை. பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. தட்டை என் முன்னால் வைக்கிறாள் பார், செம்மேடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறாள். கோபப்படுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபமாக இருக்கட்டும் என்று தோன்றுகிறது. ஏழு வருஷம் அவள் கோபப்படக்கூட இல்லையே.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும், இந்த வேலையைச் செய்தவன் என்கிற முறையில் ஒன்றிரண்டு சொல்கிறேன். குண்டனி நாட்டிலும் தேவனூர் நாட்டிலும் நீ வீடு வீடாகப் போவாய். பூ கேட்டோம், சிவப்பு வந்தது, அதனால் கூட்டிப் போகவில்லை என்று சிலர் சொல்வார்கள். உடனே பூ கேட்கிற வழக்கத்தைத் திட்டி எழுதிவிடாதே. எத்தனையோ வீட்டில் வெள்ளை வந்து, அந்தத் தைரியத்தில் மலை இறங்கி, பிழைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டில் பூ பொய் சொல்லவில்லை, பூசைக்காரன் சொன்னான். அதனால் எடுத்தவரோடு மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதே. பொட்டலம் கட்டியது யார் என்று தேடிப் போ. அவன் நன்றாகப் பேசுவான், டீ கொடுப்பான், எல்லாம் சாமி விட்ட வழி என்பான். அவன் வீட்டில் அந்த நேரத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேள். அவன் சொல்லாவிட்டால் அவசரப்படாதே. என்னைப் பார், எனக்குப் பதினேழு வருஷம் பிடித்தது.

அப்படி ஒருவன் சொல்லிவிட்டால் அவனை மன்னிக்க வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ இதைப் படித்துவிட்டுப் போன் செய்யாமல் இருக்கலாம். பொங்கலுக்கு வராமலும் இருக்கலாம். உன் ஆய்வேட்டை முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டி வரலாம், அந்தச் சிரமமும் என்னால்தான். ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். சட்டை, மிட்டாய், படிப்பு என்று எதையும் எடுக்காத நீ, இந்த ஆய்வை மட்டும் யாரையும் கேட்காமல் நீயாகவே எடுத்திருக்கிறாய். கையை மாற்றாதே. இது உன்னுடையது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது. விதி எதுவாக இருந்தாலும் சரி, எனக்கு அந்த வசதி வேண்டாம் என்று அதை மட்டும் அடித்திருக்கிறேன். ஒரே ஒரு திருத்தம் உன் பக்கத்தில் செய்ய வேண்டும். மனு எழுதிப் பழகிய கை, சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நான் சிவப்புப் பூவை எடுத்தேன்" என்பதை அடித்துவிடு. வலப்பக்கத்தை எடுத்திருந்தாலும், இடப்பக்கத்தை எடுத்திருந்தாலும், கண்ணை மூடியிருந்தாலும், திறந்திருந்தாலும் ஒன்றுதான். அன்றைக்கு அந்தக் கோயிலில் நீ எடுப்பதற்கு வெள்ளைப் பூ வைக்கப்படவே இல்லை என்று எழுது. வைக்காதவன் பெயர் கேட்டால், என் அப்பா என்று எழுது.

அப்பா